தொலைமருத்துவத்திற்குப் பொதுப் பணம்: அமெரிக்க மெடிகேர் காட்டும் கணக்கு

ஒரு மருத்துவ முறை பயன் தருமா என்பது ஒரு கேள்வி. அதற்கு மக்கள் பணத்திலிருந்து ஊதியம் கொடுக்கலாமா, கொடுத்தால் எவ்வளவு, யாருக்கு, எந்த நிபந்தனையின்மேல் என்பது மற்றொரு கேள்வி. முன்னதற்கு விடை கூற வல்லவர்கள் மருத்துவர்கள். பின்னதற்கு விடை கூற வேண்டியவர்கள் பொதுக் காப்புறுதியை நடத்தும் அரசாங்கத்தார். இவ்விரு கேள்விகளையும் ஒன்றென மயங்குவோர் பலர். தொலைமருத்துவம் பற்றி அமெரிக்க ஐக்கிய நாட்டில் ஏறத்தாழ முப்பது ஆண்டுகளாக நடந்துவரும் ஆராய்ச்சியும் சட்டப் போராட்டமும் இவை எத்துணை வேறானவை என்பதை நன்கு விளக்குகின்றன.

நோயாளி ஓரிடத்திலும் மருத்துவர் வேறோரிடத்திலும் இருக்க, தந்திக் கம்பி வழியாகவோ காற்றலை வழியாகவோ ஒருவரையொருவர் கண்டும் கேட்டும், அல்லது படங்களையும் சோதனைக் குறிப்புகளையும் அனுப்பியும் நடக்கும் மருத்துவமே தொலைமருத்துவம் எனப்படும். நாடி பிடித்துப் பார்ப்பதும் வயிற்றை அழுத்திப் பார்ப்பதும் இதில் இயலா. பார்த்தல், கேட்டல், வினாவுதல் ஆகியவை இயலும்.

இனி மெடிகேர் என்பது யாது எனக் காண்போம். 1965 ஜூலை 30ஆம் நாள் அதிபர் லிண்டன் ஜான்சன் மிசூரி மாநிலத்தின் இண்டிபெண்டன்ஸ் நகரில், முன்னாள் அதிபர் ஹாரி ட்ரூமன் அருகிருக்க, கையெழுத்திட்ட சட்டத்தால் தோன்றிய பொதுக் காப்புறுதித் திட்டம் அது. 1966 ஜூலை முதல் நாள் நடைமுறைக்கு வந்தது. 65 வயதைத் தாண்டியோருக்கென ஏற்பட்ட இத்திட்டத்தில் பின்னர் ஊனமுற்றோரும் சேர்க்கப்பட்டனர். மருத்துவமனைச் செலவு ஒரு பிரிவு. டாக்டர் கட்டணம் மற்றொரு பிரிவு. டாக்டர் கட்டணத்தில் பொதுவாக 80 விழுக்காட்டை மெடிகேர் ஏற்கும். எஞ்சிய 20 விழுக்காட்டை நோயாளியே தர வேண்டும். எந்தச் சேவைக்கு எவ்வளவு என்று அரசாங்கம் ஆண்டுதோறும் பட்டியல் வெளியிடுகிறது. அப்பட்டியலின் நிபந்தனைக்கு உட்படாத சேவையை ஒரு டாக்டர் செய்தால், அது எத்துணை நல்ல சேவையாயினும், மெடிகேரிலிருந்து ஒரு காசும் வாராது. தனியார் காப்புறுதிக் கம்பெனிகளும் பெரும்பாலும் இப்பட்டியலைப் பார்த்தே நடப்பதால், மெடிகேரின் முடிவு அந்நாட்டு மருத்துவத் தொழில் முழுவதையும் அசைக்கும் ஆற்றலுடையது.

தொலைமருத்துவம் நேற்று முளைத்ததன்று. 1959இல் நெப்ராஸ்கா மாநில மனநோய் மருத்துவக் கழகத்தில் இருவழித் தொலைக்காட்சியைப் பயன்படுத்தத் தொடங்கினர். 1964இல் அங்கிருந்து 112 மைல் தொலைவிலுள்ள நார்ஃபோக் மனநோய் மருத்துவமனையோடு அது இணைக்கப்பட்டது. 1968இல் பாஸ்டன் விமான நிலையத்திலிருந்த சிறு மருத்துவ அறையில் தாதிகள் இருக்க, நகருக்குள்ளிருந்த மாசசூசெட்ஸ் பொது மருத்துவமனையிலிருந்து டாக்டர்கள் தொலைக்காட்சி வழியே நோயாளிகளைப் பார்த்தனர். கென்னத் பேர்ட் என்னும் டாக்டரின் முயற்சி அது. தொலைவு சில மைல்தான். ஆனால் நடுவே கடற்கால். அதன் அடியில் செல்லும் சுரங்கப் பாதையிலோ ஓயாத வண்டி நெரிசல். 1970களில் அரிசோனாப் பாலைவனத்தில் வாழ்ந்த பபாகோ பழங்குடியினருக்காக, விண்வெளி ஆராய்ச்சி நிறுவனமான நாசாவும் சேர்ந்து ஒரு திட்டம் நடத்தியது. இத்தகைய தொடக்க காலத் திட்டங்களுள் பெரும்பாலானவை மானியம் இருந்தவரை இருந்தன. மானியம் நின்றதும் நின்றன. மருத்துவம் பயனற்றுப் போனதால் அவை மூடப்படவில்லை. அவற்றுக்கு நிலையாகக் கூலி கொடுப்பார் இல்லை என்பதே காரணம்.

இக்குறையை ஓரளவு நீக்க வந்தது 1997ஆம் ஆண்டுச் சட்டம். 1999 ஜனவரி முதல் மெடிகேர் தொலைமருத்துவத்திற்குப் பணம் கொடுக்கும் என்று அது கூறிற்று. ஆனால் கொடுத்த கையே இறுக்கிப் பிடித்தும் கொண்டது. டாக்டர் பற்றாக்குறை உள்ளதென அரசாங்கம் குறித்த நாட்டுப்புறப் பகுதியில் நோயாளி இருக்க வேண்டும். நிபுணரிடம் ஆலோசனை கேட்பதற்கு மட்டுமே பணம். நோயாளியை அனுப்பிய டாக்டரோ அவருடைய ஊழியரோ நோயாளியின் அருகிருந்து காட்ட வேண்டும். கட்டணத்தை இருவரும் பங்கிட்டுக்கொள்ள வேண்டும். நிபுணருக்கு 75 விழுக்காடு, அனுப்பிய டாக்டருக்கு 25 விழுக்காடு. தொலைபேசிக் கம்பிச் செலவுக்கும் இடத்துக்கும் தனிப் பணம் இல்லை.

விளைவு யாது? நிபுணருக்கோ நேரில் பார்த்தால் முழுக் கட்டணம், தொலைவில் பார்த்தால் முக்காற் கட்டணம். நாட்டுப்புற டாக்டருக்கோ தம் நோயாளிகளை விட்டுவிட்டு ஒருவருக்காகத் தொலைக்காட்சிப் பெட்டியின் முன் உட்கார்ந்திருக்கக் காற்பங்கு. இருவரும் தயங்கினர். முதலிரண்டு ஆண்டுகளில் அந்தப் பெரிய நாடு முழுவதிலுமிருந்து மெடிகேருக்கு வந்து சேர்ந்த பில்கள் சில நூறு மட்டுமே. சட்டம் இயற்றியோர் அஞ்சியது பணம் வெள்ளமாய்ப் போகும் என்று. நடந்ததோ வாய்க்கால் வெட்டியும் நீர் வரவில்லை என்பது.

2000ஆம் ஆண்டின் இறுதியில் சட்டம் திருத்தப்பட்டு, 2001 அக்டோபர் முதல் நடைமுறைக்கு வந்தது. கட்டணப் பங்கீடு ஒழிந்தது. தொலைவிலிருக்கும் டாக்டருக்கு நேரில் பார்த்தால் கிடைக்கும் அதே கட்டணம். நோயாளி வந்து அமரும் மருத்துவ நிலையத்துக்கு இடச் செலவாக 20 டாலர். இத்தொகை ஆண்டுதோறும் சிறிது சிறிதாக ஏறி 2025இல் 31 டாலர் அளவை எட்டியது. மனநல மருத்துவம் முதலிய சில சேவைகளும் சேர்ந்தன. ஆயினும் நாட்டுப்புறம் என்ற வேலியும், நோயாளி தம் வீட்டிலிருந்து பேசக் கூடாது, ஒரு மருத்துவ நிலையத்துக்கு வந்தே பேச வேண்டும் என்ற வேலியும் அப்படியே நின்றன. அலாஸ்காவிலும் ஹவாயிலும் நடந்த சோதனைத் திட்டங்களுக்கு மட்டும், படம் பிடித்துச் சேமித்து அனுப்பும் முறைக்கு விலக்கு அளிக்கப்பட்டது.

இங்கே ஒரு வேடிக்கையைக் குறிக்காமல் இருக்க முடியாது. எக்ஸ்ரே படத்தை நூறு மைலுக்கு அப்பால் அனுப்பி, அங்குள்ள நிபுணர் படித்துச் சொன்னால், மெடிகேர் நெடுங்காலமாகவே தடையின்றிப் பணம் கொடுத்துவந்தது. காரணம், எக்ஸ்ரே நிபுணர் நோயாளியை நேரில் பார்க்கும் வழக்கம் முன்பும் இல்லை. தோல் நோயின் படத்தை அதேபோல் அனுப்பினாலோ அது தொலைமருத்துவமாகி வேலிக்குள் அகப்பட்டது. ஆக, ஒரு சேவையின் தன்மையைவிடப் பழைய வழக்கமே இங்குச் சட்டமாயிற்று எனலாம்.

எதனோடு ஒப்பிடுவது?

பணம் கொடுப்பதை விரிவாக்கலாமா என்று முடிவு செய்யச் சான்று வேண்டும். அமெரிக்க மருத்துவக் கழகம் 1996இல் வெளியிட்ட நூலொன்று தொலைமருத்துவத்தை எவ்வாறு மதிப்பிடுவது என வகுத்துக் காட்டியது. மருத்துவத்தின் தரம், மக்களுக்கு அது எட்டும் தன்மை, செலவு, நோயாளி கருத்து, மருத்துவர் கருத்து என ஐந்து நோக்கில் பார்க்க வேண்டும் என்பது அதன் கூற்று. இதனினும் முக்கியமான ஒன்றையும் அந்நூல் வற்புறுத்திற்று: தொலைமருத்துவத்தை அதற்கு மாற்றாக உள்ள வழியோடு ஒப்பிட்டே எடைபோட வேண்டும்.

சொல்லும்போது எளிதாகத் தோன்றும் இவ்விதி, செய்யும்போது கடினம். பாஸ்டன் நகர முதியவருக்கு மாற்றுவழி, பஸ் ஏறிப் போய் நிபுணரை நேரிற் காண்பது. மொண்டானா மாநிலத்துக் குக்கிராம முதியவருக்கு மாற்றுவழி, பெரும்பாலும் யாரையும் காணாமலிருப்பது. ஒரே சேவை முன்னவருக்கு நேர்ச் சந்திப்பைவிடச் சற்றுத் தாழ்ந்ததாகவும், பின்னவருக்கு ஒன்றுமில்லாமையினும் மிக உயர்ந்ததாகவும் இருத்தல் கூடும். ஒரே நாட்டுக்கு ஒரே பட்டியல் எழுதும் காப்புறுதி அதிகாரி இவ்விருவருள் யாரை மனத்திற்கொண்டு எழுதுவார்?

மெடிகேர் நிருவாகம் கேட்டுக்கொண்டதன் பேரில், ஓரிகன் சுகாதார அறிவியல் பல்கலைக்கழக ஆராய்ச்சியாளர்கள் வில்லியம் ஹெர்ஷ் தலைமையில் அதுவரை வெளிவந்த ஆராய்ச்சிகளைத் திரட்டி 2001இல் அறிக்கை தந்தனர். அவர்கள் தொலைமருத்துவத்தை மூன்றாகப் பிரித்தனர்: படங்களைச் சேமித்து அனுப்புவது, நோயாளியின் வீட்டிலிருந்தே இரத்த அழுத்தம், சர்க்கரை முதலியவற்றைக் கண்காணிப்பது, டாக்டரும் நோயாளியும் நேருக்கு நேர் போலப் பேசுவது. இப்பிரிவினை மிகப் பயனுள்ளது. ஏனெனில் தொலைமருத்துவம் நல்லதா என்று மொத்தமாகக் கேட்பது, மாத்திரை நல்லதா என்று கேட்பது போன்றதே. திட்டங்கள் நாடெங்கும் பெருகியிருந்தும் அவற்றின் பயனைக் காட்டும் சான்று மெலிந்தது என்பதே அறிக்கையின் சாரம். பல ஆராய்ச்சிகளில் நோயாளிகளின் தொகை மிகச் சிறிது. முதியோரைப் பற்றியவை குறைவு. ஒப்பிட எதிர்க்குழு இல்லாதவை மிகுதி.

தோல் நோய் ஆராய்ச்சிகள் இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. படத்தைப் பார்த்த நிபுணரும் நோயாளியை நேரிற் கண்ட நிபுணரும் எத்தனை தடவை ஒத்த முடிவு கூறினர் என்று எண்ணிச் சொல்வது அவ்வாராய்ச்சிகளின் வழக்கம். ஆனால் இரு நிபுணர்கள் ஒரே நோயாளியை நேரிலேயே கண்டாலும் எப்போதும் ஒத்த முடிவு கூறுவதில்லையே! ஒத்துப்போதல் வேறு, உண்மையைக் கண்டறிதல் வேறு. இருவரும் சேர்ந்து தவறலாம். சதையைச் சிறிது வெட்டியெடுத்து நுண்ணோக்கியில் சோதித்து, அதனோடு இருவர் முடிவையும் ஒப்பிட்டாலன்றி உண்மை விளங்காது. அதிலும் நோயாளி குணமடைந்தாரா என்பது இன்னும் ஒரு படி அப்பாலுள்ள வினா. பணம் கொடுப்பவருக்கு வேண்டியதோ அந்தக் கடைசி வினாவின் விடை.

மனநல மருத்துவத்தில் சான்று சற்று வலிமையானது. பொதுக் காப்புறுதி வேரூன்றிய கனடாவில், ஒண்டாரியோ மாகாணத்தில் 495 நோயாளிகளை இரு குழுவாகச் சீட்டுக் குலுக்கிப் பிரித்து, ஒரு குழுவினரை மனநல மருத்துவர் நேரிலும், மறு குழுவினரைத் தொலைவிலிருந்தும் பார்த்தனர். 2007இல் வெளியான முடிவின்படி இரு குழுவினரின் நலமும் ஏறத்தாழச் சமம். தொலைவழிச் செலவு ஆளுக்கு 10 விழுக்காடேனும் குறைவு. நிபுணரைத் தொலைதூர ஊருக்கு விமானத்தில் அனுப்பி, தங்க வைத்து, திரும்ப அழைக்கும் செலவு மிஞ்சியதே இதற்குக் காரணம். நிபுணர் அடுத்த தெருவில் இருக்கும் நகரத்துக்கு இக்கணக்கை எடுத்துச் சென்றால் அது பொருந்தாது என்பதையும் சேர்த்தே நினைக்க வேண்டும்.

பதிலா, கூடுதலா?

அரசாங்கக் கணக்கரின் உறக்கத்தைக் கெடுக்கும் வினா இதுதான். தொலைவழிச் சந்திப்பு, நேர்ச் சந்திப்புக்குப் பதிலாக நடக்கிறதா, அல்லது அதற்கு மேலும் ஒன்றாக நடக்கிறதா?

நேர்ச் சந்திப்புக்குக் கட்டணம் 2 டாலர் என்றும் தொலைவழிச் சந்திப்புக்கு 1 டாலர் என்றும் வைத்துக்கொள்வோம். நூறு தொலைவழிச் சந்திப்புகளும் நேர்ச் சந்திப்புகளுக்குப் பதிலாக நடந்தால் 100 டாலர் மிச்சம். ஐம்பது மட்டும் பதிலாக நடந்தால் வரவும் செலவும் சரி. அதற்கும் குறைந்தால் நட்டம். கலிபோர்னியா மாநிலப் பொது ஊழியர் காப்புறுதியில் இருந்தவர்களின் பில்களை ஆராய்ந்து 2017இல் வெளியான ஆய்வு, சளி இருமல் முதலிய நோய்களுக்குத் தொலைவழி டாக்டரை அழைத்தவற்றுள் 12 விழுக்காடுதான் பதிலாக நடந்தவை, 88 விழுக்காடு புதிதாகச் சேர்ந்தவை எனக் கண்டது. ஒவ்வொரு சந்திப்பும் மலிவு. ஆயினும் அதைப் பயன்படுத்தியோருக்கான ஆண்டுச் செலவு ஆளுக்கு 45 டாலர் ஏறிற்று. மலிவான பொருளை வாங்கி வாங்கியே கடனாளியாகும் குடும்பம் எந்த ஊரிலும் உண்டு.

ஆனால் கூடுதல் என்றாலே வீண் என்று முடிவு கட்டுவதும் பிழை. தானே மூன்று நாளில் போகும் சளிக்கு டாக்டரை அழைப்பது வீணாகலாம். டாக்டரே இல்லாத ஊரில் மனச்சோர்வால் வாடும் மூதாட்டி முதன்முறையாக ஒரு மனநல மருத்துவரிடம் பேசுவதும் கணக்கேட்டில் கூடுதல்தான். அதற்காகத்தானே சட்டமே இயற்றப்பட்டது! மக்களுக்கு மருத்துவம் எட்ட வேண்டும் என்பதும் செலவு ஏறக்கூடாது என்பதும் ஒரே சட்டத்தின் இரு விருப்பங்கள். முன்னது நிறைவேறும் அளவுக்குப் பின்னது தவறத்தான் செய்யும். தொலைமருத்துவம் பணத்தை மிச்சப்படுத்தும் என்று கூறி அதற்கு ஆதரவு தேடியவர்கள், நல்ல வழக்கைத் தவறான வாதத்தால் நடத்தினார்கள் என்றே சொல்ல வேண்டும்.

1997ஆம் ஆண்டுச் சட்டத்தின்படியே நடந்த பெரிய சோதனை ஒன்றும் இதே பாடத்தைத் தந்தது. 2000ஆம் ஆண்டு நியூயார்க் மாநிலத்தில், மருத்துவ வசதி குறைந்த பகுதிகளில் வாழ்ந்த, நீரிழிவு நோயுள்ள மெடிகேர் உறுப்பினர் 1,665 பேரைச் சேர்த்து ஐடியாடெல் என்னும் திட்டம் தொடங்கப்பட்டது. பாதிப்பேர் வீட்டில் தனியாக வடிவமைத்த கணினிப் பெட்டி வைக்கப்பட்டது. அதன்வழி அவர்கள் தாதியுடன் முகம் பார்த்துப் பேசினர். சர்க்கரையளவும் இரத்த அழுத்தமும் அனுப்பினர். மறுபாதியினர் வழக்கமான மருத்துவம் பெற்றனர். இரண்டு மூன்று மாதச் சர்க்கரையின் சராசரியைக் காட்டும் இரத்தச் சோதனையில், முதலாண்டு முடிவில் இரு குழுவினர்க்கும் இடையே 0.18 புள்ளி வேறுபாடு. ஐந்தாம் ஆண்டில் 0.29 புள்ளி. இரத்த அழுத்தமும் கொழுப்பும் கூடச் சற்றுக் குறைந்தன. பயன் உண்மையானது, சிறியது.

செலவு? வெளியார் குழு ஒன்று தனியே கணக்கிட்டு 2009இல் வெளியிட்டது. ஆளுக்கு ஆண்டொன்றுக்கு 8,000 டாலருக்கு மேல். மற்ற மருத்துவச் செலவுகளாவது இதனால் குறைந்தனவா எனில், மெடிகேர் கொடுத்த பில் தொகை குறையவில்லை. மருத்துவர் கண்ணுக்கு வெற்றியாகத் தோன்றிய ஒன்று, காப்புறுதியார் கண்ணுக்குத் தோல்வியாகத் தோன்றியது இவ்வாறே. எனினும் இங்கும் ஒரு நுட்பம் உண்டு. அச்செலவில் ஒரு பகுதி 2000ஆம் ஆண்டின் கருவி விலை. ஐந்தாண்டுச் சோதனை முடிந்து கணக்கு வெளிவருவதற்குள் அக்கருவி பழம்பொருளாகிவிட்டது. தாதியின் நேரம் அவ்வாறு மலிவதில்லை. எனவே எந்தச் செலவு காலத்தால் தேயும், எந்தச் செலவு தேயாது எனப் பிரித்துப் பார்க்காமல் மொத்தத் தொகையை மட்டும் கொண்டு முடிவு செய்தால், அம்முடிவு முந்திய கருவிக்குரிய முடிவாகவே நிற்கும்.

இங்கிலாந்திலும் இத்தகைய முரண் தோன்றிற்று. அங்கே காப்புறுதி இல்லை. வரிப்பணத்தில் நடக்கும் தேசிய சுகாதாரச் சேவை. கார்ன்வால், கென்ட், லண்டனின் நியூஹாம் ஆகிய இடங்களில் 3,230 நீடித்த நோயாளிகளைக் கொண்டு நடந்த சோதனையின் முடிவு 2012இல் வெளிவந்தது. வீட்டில் கருவி வைக்கப்பட்டோருள் ஓராண்டில் இறந்தவர் 4.6 விழுக்காடு, மற்றவருள் 8.3 விழுக்காடு. கேட்டவர் வியந்தனர். ஆனால் கருவி பெறாதவர்கள் சோதனையின் தொடக்கத்தில் திடீரென மருத்துவமனைக்கு மிகுதியாகப் போனது ஏன் என்ற ஐயத்தை ஆராய்ச்சியாளர்களே எழுப்பினர். பொருளியலார் கணக்கிட்டபோது, நோயற்ற வாழ்வாண்டு ஒன்றைக் கூட்டித்தர 92,000 பவுன் ஆயிற்று. அந்நாடு அதற்கு அப்போது பொதுவாக ஏற்ற எல்லை 20,000 முதல் 30,000 பவுன் வரை.

பக்கவாதத்துக்கு மட்டும் கதை வேறு. மூளையில் அடைத்த இரத்தக் கட்டியைக் கரைக்கும் மருந்தை முதற்சில மணி நேரத்துக்குள் கொடுக்க வேண்டும். மூளையில் இரத்தம் கசிந்த நோயாளிக்கு அதைத் தவறாகக் கொடுத்தால் உயிரே போகும். ஆதலால் நிபுணர் தேவை, அதுவும் உடனே தேவை. ஜெர்மனியின் பவேரியா மாநிலத்தில் 2003இல் 12 சிறு மருத்துவமனைகள் மூனிச், ரீகன்ஸ்புர்க் நகர நிபுணர்களோடு தொலைக்காட்சியால் இணைக்கப்பட்டன. இத்தகைய ஐந்து மருத்துவமனைகளை, இணைப்பில்லாத ஐந்தோடு ஒப்பிட்டபோது, மூன்று மாதத்துக்குப்பின் இறப்பு அல்லது பெரும் ஊனம் போன்ற தீய முடிவுக்கு ஆளானோர் முன்னவற்றில் 44 விழுக்காடு, பின்னவற்றில் 54 விழுக்காடு.

இவ்வெற்றியைத் தொலைக்காட்சிப் பெட்டிக்கே உரித்தாக்கலாமா? இணைக்கப்பட்ட மருத்துவமனைகளில் பக்கவாதத்துக்கெனத் தனிப் பகுதி திறந்தனர். தாதியருக்கும் டாக்டர்களுக்கும் பயிற்சி தந்தனர். பெட்டி, பகுதி, பயிற்சி மூன்றும் சேர்ந்தே வந்தன. காப்புறுதியார் இதிலிருந்து கற்க வேண்டியது, நிபுணரின் அரைமணி நேரத்துக்கு மட்டும் பணம் கொடுத்துவிட்டு அதே பலனை எதிர்பார்க்கலாகாது என்பது. மெடிகேர் தன் நாட்டுப்புற வேலியைப் பக்கவாதத்துக்கு 2019 ஜனவரி முதல் நீக்கிற்று. நகரமோ கிராமமோ, பணம் உண்டு. அதே ஆண்டு ஜூலை முதல் போதைப் பழக்க மருத்துவத்துக்கு நோயாளியின் வீடும் ஏற்கப்பட்டது. இருபது ஆண்டுகளில் வேலியில் விழுந்த திறப்புகள் இவ்வாறு சிலவே.

கொள்ளைநோய் திறந்த கதவு

சான்று தேடி அடியெடுத்து வைத்துக்கொண்டிருந்த மெடிகேரை 2020 மார்ச்சில் கொரோனாக் கொள்ளைநோய் ஒரேயடியாகத் தள்ளிவிட்டது. நாட்டுப்புறம் என்ற நிபந்தனை தள்ளிவைக்கப்பட்டது. வீட்டிலிருந்தே பேசலாம். பின்னர், முகம் பாராமல் தொலைபேசியில் மட்டும் பேசியதற்கும் பணம் என்றாயிற்று. 2019இல் ஏறத்தாழ 8,40,000ஆக இருந்த மெடிகேர் தொலைவழிச் சந்திப்புகள் 2020இல் 5 கோடியே 27 லட்சமாயின. அறுபது மடங்குக்கும் மேல்.

தொலைபேசி பற்றிய வாதம் சிறப்பாகக் கவனிக்கத்தக்கது. குரலை மட்டும் கேட்டு மருத்துவம் செய்வது தரக்குறைவு, அதற்கு முழுக் கட்டணம் தகாது என்பது ஒரு கட்சி. ஆனால் 2018ஆம் ஆண்டு விவரங்களை ஆராய்ந்தோர், மெடிகேர் உறுப்பினருள் ஏறத்தாழ 26 விழுக்காட்டினர் வீட்டில் விரைவு இணையத்தோடு கூடிய கணினியோ, இணைய வசதியுள்ள கைப்பேசியோ இல்லாதவர் எனக் கண்டனர். அத்தகையோரில் மிகுந்திருந்தவர் மிக முதியோரும் ஏழைகளும். படத்துக்கு மட்டுமே பணம் என்றால், மருத்துவம் எட்டாதவர்க்காக ஏற்பட்ட சலுகை ஏற்கெனவே எட்டியவர் கைக்கே போய்ச் சேரும்.

கட்டணத்தின் அளவும் தகராறுக்குள்ளாயிற்று. மெடிகேர் கட்டணம் 1992 முதல் மூன்று கூறுகளாகக் கணக்கிடப்படுகிறது: டாக்டரின் உழைப்பு, வாடகை, தாதி, கருவி முதலிய தொழில் நடத்தும் செலவு, வழக்குக் காப்புறுதி. தொலைவழியில் உழைப்பு குறையவில்லை எனலாம். ஆனால் நோயாளி வந்து படுக்கக் கட்டிலும் அறையும் வேண்டாதபோது இரண்டாங் கூறு ஏன் முழுதாக வேண்டும்? காங்கிரசுக்கு ஆலோசனை கூறும் மெடிகேர் கட்டண ஆலோசனைக் குழு, நெருக்கடிக் காலம் முடிந்தபின் குறைந்த வீதமே போதும் என 2021இல் கருத்துரைத்தது. டாக்டர்களோ, மற்ற நோயாளிகளுக்காக அறையையும் வைத்துக்கொண்டு புதுக் கருவிக்கும் செலவு செய்கிறோமே என்கின்றனர். இரு பக்கமும் நியாயம் உண்டு. 1999இல் முக்காற் கட்டணம் கொடுத்தபோது நேர்ந்ததை மறவாதவர்க்கு, மிகக் குறைத்தால் யாரும் செய்யார் என்பது தெரியும். முழுதாகக் கொடுத்தால், நேரில் பார்க்க வேண்டியவரையும் தொலைவிலேயே பார்த்து அனுப்பும் ஆசை பிறக்கும் என்பதும் தெளிவே.

மோசடியும் நடந்தது. 2019 ஏப்ரலில் அமெரிக்க நீதித்துறை 24 பேர்மேல் வழக்குத் தொடர்ந்தது. முதுகுக்கும் முழங்காலுக்கும் போடும் பட்டைகளை, கண்டும் பேசியும் அறியாத முதியோருக்கு எழுதிக் கொடுத்து நடந்த அம்மோசடியில் குறிக்கப்பட்ட இழப்பு 120 கோடி டாலருக்கு மேல். இதைக் காட்டித் தொலைமருத்துவம் முழுவதையும் பழிப்போர் உளர். உற்று நோக்கினால், கொள்ளை போனது பெரும்பாலும் பட்டைகளின் விலை. டாக்டர் சந்திப்பின் கட்டணம் அன்று. கொள்ளைநோயின் முதலாண்டுப் பில்களைச் சோதித்த சுகாதாரத் துறைத் தலைமைத் தணிக்கையாளர் அலுவலகம், தொலைவழிச் சேவைக்குப் பில் போட்ட ஏறத்தாழ 7,42,000 பேருள் ஐயத்துக்கு மிக இடமானவர் 1,714 பேர் என 2022இல் அறிவித்தது. அவர்கள் பெற்ற தொகை 12 கோடியே 77 லட்சம் டாலர். சிறு தொகை அன்று. ஆனால் கதவை முற்றிலும் அடைப்பதற்குக் காரணமாகும் அளவும் அன்று.

இத்தனை கோடிச் சந்திப்புகளுக்குப் பிறகாவது பழைய வினாக்களுக்கு விடை கிடைத்ததா? மேற்கூறிய ஆலோசனைக் குழு 2023 ஜூனில் காங்கிரசுக்குத் தந்த அறிக்கையில், தொலைமருத்துவம் மிகுதியாக நடந்த வட்டாரங்களையும் குறைவாக நடந்தவற்றையும் ஒப்பிட்டது. தரத்தில் குறிப்பிடத்தக்க மாறுதல் இல்லை. சிலருக்கு மருத்துவம் சற்று எளிதில் எட்டிற்று. செலவு சற்று ஏறிற்று. கொள்ளைநோய்க் காலத்து விவரங்களாதலால் இம்முடிவை உறுதியாகக் கொள்ளலாகாது என்ற எச்சரிக்கையும் உடனிருந்தது. சீட்டுக் குலுக்கிப் பிரிக்கப்படாத குழுக்களில் இவ்வளவே கூற இயலும்.

காங்கிரசோ நிலையான முடிவு செய்யாமல் சலுகைகளைத் தவணை தவணையாக நீட்டிவந்தது. மனநல மருத்துவத்துக்கு மட்டும், இடையிடையே நேரில் காண வேண்டும் என்ற நிபந்தனையோடு, வீட்டிலிருந்து பேசும் உரிமை நிலைபெற்றது. மற்றவற்றுக்கு 2024 இறுதிவரை என்றிருந்தது 2025 மார்ச் இறுதியாயிற்று; பின் செப்டம்பர் 30 ஆயிற்று. அன்று வரவு செலவுச் சட்டம் நிறைவேறாமல் அரசாங்க அலுவலகங்கள் மூடப்படவே, அக்டோபர் முதல் நாள் பழைய வேலிகள் ஒரே இரவில் திரும்பி வந்தன. டாக்டர்களுள் சிலர் பணம் வருமென நம்பித் தொடர்ந்தனர். சிலர் சந்திப்புகளை நிறுத்தினர். நவம்பர் 12ஆம் நாள் கையெழுத்தான சட்டம், அக்டோபர் முதல் நாளையே தொடக்கமாகக் கொண்டு, 2026 ஜனவரி 30 வரை சலுகையை மீட்டுத் தந்தது. இடைப்பட்ட ஆறு வாரங்களில், நகரில் வாழும் ஒரு முதியவர் தம் மனச்சோர்வு பற்றி வீட்டிலிருந்தபடியே டாக்டரிடம் பேச மெடிகேரில் இடமிருந்தது. அதே நாற்காலியில் அமர்ந்து தம் நீரிழிவு பற்றிப் பேச இடமிருக்கவில்லை.